புது டாக் வாங்குறதுக்கு முன்னாடி: சவுண்ட் எந்த இடத்துல கெடுதுன்னு நீங்களே கண்டுபிடிக்கிற வழி

டிஏசின்னு எழுதி டாக்னு கூப்பிடுறோமே, அந்த டிஜிட்டல் டு அனலாக் கன்வர்ட்டர மாத்துனா பாட்டு நல்லா கேக்குமா, யுஎஸ்பில குடுக்குறது நல்லதா ஆப்டிகல்ல (வெளிச்சமா அனுப்புற கேபிள்ல) குடுக்குறது நல்லதா, கேபிளுக்குன்னு தனியா செலவு பண்ணலாமா, இப்படிக் கேக்குறவங்க கிட்ட நான் முதல்ல திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான். இப்ப உங்களுக்கு என்ன குறை கேக்குது? அடியில ஊம்ம்னு ஒரு இரைச்சல் ஓடுதா, டப் டப்னு விட்டு விட்டு வருதா, சவுண்டே பத்தலையா, இல்ல குறைன்னு ஒண்ணும் இல்ல, இன்னும் நல்லா இருக்கலாமோன்னு மனசுல ஒரு நெனப்பு மட்டும் தானா? இந்த நாலுக்கும் காரணம் வேற வேற. இதுல முதல் மூணும் நிஜமான பிரச்சனை, புது டாக் வாங்காமயே பாதிக்கு மேல சரி பண்ணிடலாம். நாலாவதுக்குத்தான் ஆளுங்க அதிகமா செலவு பண்றாங்க, ஆனா அதுலதான் கைக்குக் கெடைக்கிற பலன் ரொம்பக் கம்மி.

அதனால என் வழி இதுதான், பாட்டு ஃபைல்லருந்து ஸ்பீக்கர் வரைக்கும் போற சங்கிலியில ஒரு நேரத்துல ஒரே ஒரு கண்ணிய மட்டும் மாத்திப் பாருங்க, ரெண்ட சேத்து மாத்துனீங்கன்னா எதால மாறுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

உங்க டாக் எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க

இத கேட்டா சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா நிறைய பேரு இங்கயே தவறிடுறாங்க. புளூடூத் ஹெட்ஃபோன் வச்சிருக்கீங்கன்னா டாக் அந்த ஹெட்ஃபோனுக்குள்ளயே இருக்கு, போன்லருந்து காத்துல போறது வெறும் எண்கள்தான், அதனால போன்ல எவ்ளோ ஒசந்த டாக் சிப் இருந்தாலும் அதுக்கும் நீங்க கேக்குறதுக்கும் சம்பந்தமே இல்ல. யுஎஸ்பில குத்துற ஹெட்செட்டும் அப்படித்தான். ஆப்டிகல் இல்ல எச்டிஎம்ஐ வழியா சவுண்ட்பாருக்கு போகுதுன்னா மாத்துற வேலைய சவுண்ட்பார்தான் செய்யுது. சில பவர்டு ஸ்பீக்கர் (சத்தத்த ஏத்துற ஆம்ப் உள்ளயே இருக்குறது) இன்னும் ஒரு படி மேல, நீங்க டாக்லருந்து அனலாக்கா குடுத்தாலும் அது உள்ள வாங்கி மறுபடி டிஜிட்டலா மாத்தி, ஒலிய கூட்டிக் கொறைச்சுப் பிரிக்கிற ஈக்வலைசர், கிராஸ்ஓவர் வேலை எல்லாம் முடிச்சுட்டு தன்னோட சொந்த டாக் வழியாதான் வெளிய விடும், அப்ப வெளிய நீங்க வச்ச தனி டாக்கோட நுணுக்கம் எல்லாம் அந்தக் கடைசி டாக்க தாண்டி வரப்போறது இல்ல. ஒரு பேப்பர்ல உங்க சங்கிலிய வரைங்க, பாட்டு ஃபைல், ஆப், ஓஎஸ், கேபிள், டாக், ஆம்ப், ஸ்பீக்கர். எந்தப் பெட்டிக்குள்ள எண் வோல்ட்டேஜா மாறுதோ அதுக்கு ஒரு வட்டம் போடுங்க. அந்த வட்டத்துக்கு முன்னாடி இருக்குற வயர்ல வர்ற பிரச்சனை ஒரு ஜாதி, பின்னாடி வர்றது வேற ஜாதி.

டாக் செய்யுற வேலை என்னன்னு ஒரு வரில சொன்னா, எண்களை வாங்கி வோல்ட்டேஜா குடுக்குறது. 1982ல வந்த சிடிக்கு நொடிக்கு 44,100 எண் (இதுக்குப் பேரு சாம்பிள் ரேட்), ஒவ்வொண்ணும் 16 பிட். இது படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வெளிய வரும்னு படம் போட்டு காட்டுவாங்க, அது தப்பு, டாக்கோட கடைசில இருக்குற ஃபில்டர் அந்தப் படிய எல்லாம் எடுத்துட்டு வழுவழுன்னு ஒரு அலைய தான் வெளிய விடும், சாம்பிள் ரேட்டுல பாதிக்கு கீழ இருக்குற எந்த ஒலியும் இடைல தொலையாது. பாதின்னா 22,050 ஹெர்ட்ஸ், மனுஷக் காது நல்ல இளவயசுலயே 20,000 கிட்ட நின்னுடுது. 16 பிட்டுக்கு சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவுல ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளி கெடைக்கும், அமைதியான ரூம்ல கூட அவ்ளோ இடைவெளிய முழுசா பயன்படுத்த முடியாது. இன்னைக்கு ஒழுங்கா செஞ்ச சாதாரண டாக்கே இத தாண்டிடுது. அதனாலதான் சொல்றேன், டாக் கெட்டுப் போயிருந்தா இல்ல மோசமா டிசைன் பண்ணியிருந்தா ஒழிய, அது உங்க சிஸ்டத்துல கடைசியா சந்தேகப்பட வேண்டிய ஆளு.

டிஜிட்டல் கேபிள் என்ன செய்யும், என்ன செய்யாது

ஒருத்தர் போன்ல உங்களுக்கு ஒரு நம்பர் சொல்றாருன்னு வைங்க. லைன் கொஞ்சம் கொரகொரன்னு இருந்தாலும் பத்து இலக்கமும் சரியா காதுல விழுந்துச்சுன்னா நீங்க எழுதிக்கிட்ட நம்பர்ல அந்தக் கொரகொரப்பு ஒட்டாது. லைன் ரொம்ப மோசமானா ஒரு இலக்கம் தப்பா விழும், அப்ப நம்பரே தப்பு. டிஜிட்டல் கேபிளும் இதே கதைதான். யுஎஸ்பி ஆடியோல டேட்டா தப்பா வந்தா தப்புன்னு கண்டுபிடிக்க ஏற்பாடு இருக்கு, ஆனா திரும்பக் கேட்டு வாங்க நேரம் கெடையாது, அதனால அந்தத் துண்டு போச்சுன்னா போச்சு, காதுக்கு அது டிக்குன்னோ, டப்புன்னோ, ஒரு கணம் அறுந்த மாதிரியோ வரும். கேபிள் மோசமா இருந்து பேஸ் கொஞ்சம் கம்மியாச்சு, பாடுறவங்க குரல் கொஞ்சம் பின்னாடி போச்சு, ஹைஸ் கொஞ்சம் மென்மையாச்சு, இப்படி எல்லாம் நடக்க வழியே இல்ல, ஏன்னா பேஸ மட்டும் கொறைக்கணும்னா லட்சக்கணக்கான எண்ண கணக்கு போட்டு மாத்தி எழுதணும், ஒரு செம்புக் கம்பிக்கு அது தெரியாது.

அதனால டிக் டிக் வந்தா இப்படிப் பாருங்க. யுஎஸ்பின்னா ஹப்ப எடுத்துட்டு நேரா கம்ப்யூட்டர் போர்ட்ல குத்துங்க, வேற போர்ட் மாத்துங்க, கேபிள சின்னதா மாத்துங்க, அப்பவும் வந்தா டிரைவர்ல பஃபர் சைஸ (டேட்டாவ முன்கூட்டி சேத்து வைக்கிற இடத்த) ஏத்துங்க, பல நேரம் கேபிள் மேல பழி போட்டுட்டு இருப்போம் ஆனா கம்ப்யூட்டர் வேற வேலைல மாட்டிக்கிட்டு நேரத்துக்கு டேட்டா தர முடியாமதான் அறுந்து அறுந்து வரும். ஆப்டிகல்னா முனைல இருக்குற குட்டி பிளாஸ்டிக் மூடிய கழட்டுனீங்களான்னு பாருங்க (எத்தனை பேரு அதோட சேத்தே குத்தி, சவுண்ட் வரலன்னு பெட்டிய திருப்பி அனுப்பியிருக்காங்க தெரியுமா), ஒரு முனைய சோர்ஸ்ல மாட்டிட்டு மறு முனைய கைல பிடிச்சா சிவப்பா வெளிச்சம் தெரியணும், வயர சுவரோரமா சட்டுன்னு மடிச்சு விட்டிருந்தா நேராக்குங்க, உள்ள ஓடுறது பிளாஸ்டிக் இழை, ஒடிஞ்சா வெளிச்சம் மங்கிடும். நீளம் அஞ்சு மீட்டருக்குள்ள வச்சுக்கிட்டா நிம்மதி. ஆப்டிகல்ல 192 கிலோஹெர்ட்ஸ் ஓட்டி அறுந்தா 96க்கு இறக்கிப் பாருங்க, நிறைய ஆப்டிகல் போர்ட் அதுக்கு மேல தடுமாறும். கோஆக்சியல்னா (ஒத்த செம்பு வயர்ல டிஜிட்டல் போற வகை) 75 ஓம் கேபிள் இருந்தா போதும், பழைய வீடியோவுக்கு வர்ற மஞ்சள் முனை ஆர்சிஏ கேபிளே 75 ஓம் தான், அத தாராளமா போடலாம்.

ஜிட்டர்னு ஒண்ணு சொல்லுவாங்க, அத ஒதுக்கிட்டு போக எனக்கு இஷ்டமில்ல, ஏன்னா அது பொய் இல்ல. எண் சரியா வந்தாலும் அத எந்த நொடில வோல்ட்டேஜா மாத்தணும்ங்கறத கடிகாரம் சொல்லணும், அந்தக் கடிகாரம் தள்ளாடுனா அலை லேசா கோணும். கோஆக்சியல்லயும் ஆப்டிகல்லயும் கடிகாரம் டேட்டாவோட சேந்தே வருது, டாக் அதுலருந்து பிரிச்செடுத்து தன்னோட கடிகாரத்த அதுக்கு ஒத்து ஓட்டணும். அசிங்க்ரனஸ் யுஎஸ்பில டாக்கோட சொந்தக் கடிகாரம்தான் தலைவர், கம்ப்யூட்டர் அது கேக்குறப்ப டேட்டா குடுக்கும். அப்ப யுஎஸ்பி தான் ஒசத்தியான்னா, காகிதத்துல ஆமா, காதுல இல்ல. பாட்டு கேக்கும்போது எவ்ளோ ஜிட்டர் இருந்தா மனுஷனுக்குத் தெரியுதுன்னு ஜப்பான்ல ஆராய்ச்சி பண்ணி 2005ல வெளியிட்டாங்க, பல நூறு நானோசெகண்ட் அளவுக்கு ஏத்துனாதான் கேட்டவங்களால கண்டுபிடிக்க முடிஞ்சுது. இப்ப வர்ற சாதாரண டாக்ல அது ஒரு நானோசெகண்டுக்கும் கீழ தான் இருக்கும். நடுவுல இருக்குற தூரம் ரொம்பப் பெருசு.

கேபிள் நிஜமா கெடுக்குற இடம்: கிரவுண்ட்

இந்தப் பகுதிய மட்டும் நிதானமா படிங்க, ஏன்னா கனெக்‌ஷன் சவுண்ட மாத்துதுன்னு சொல்றவங்க எல்லாரும் கற்பனை பண்ணல, அதுல ஒரு கூட்டத்துக்கு நிஜமாவே மாறியிருக்கு, காரணம் மட்டும் வேற. யுஎஸ்பி கேபிள்ல எண்கள் மட்டும் போறது இல்ல, கூடவே 5 வோல்ட் கரண்டும் கிரவுண்ட் வயரும் போகுது. அந்தக் கிரவுண்ட் வயர் கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற அத்தனை இரைச்சலையும் கூட்டிக்கிட்டு டாக் வழியா ஆர்சிஏ கேபிளோட (டாக்லருந்து ஆம்ப்புக்கு போற அனலாக் வயர்) வெளி உறைல ஏறி ஆம்ப்புக்கு போயிடும். எண் சுத்தமாதான் இருக்கும், ஆனா மாத்துன அப்புறம் இருக்குற அனலாக் பக்கம் அழுக்காயிடும்.

எனக்கு இது நடந்துச்சு. லேப்டாப், யுஎஸ்பி டாக், அதுலருந்து ரெண்டு பவர்டு ஸ்பீக்கர். பகல்ல ஒண்ணும் தெரியாது, ராத்திரி வீடு அடங்குன பிறகு பாட்ட நிறுத்துனா ஸ்பீக்கர்லருந்து கொசு மாதிரி ங்ஙீங்ஙீன்னு ஒரு மெல்லிய கீச்சு. மவுச நகத்துனா அந்தக் கீச்சும் கூடவே நகருது, பக்கத்த ஸ்க்ரோல் பண்ணா ஜிர்ர்னு மாறுது, நிறுத்துனா பழையபடி. டாக் தான் மட்டம்னு முடிவு பண்ணி இன்னொருத்தர் கிட்ட நல்ல டாக் ஒண்ண கடன் வாங்கி மாட்டுனேன், அதுலயும் அதே கீச்சு, அப்பதான் உறைச்சுது. லேப்டாப் சார்ஜர உருவுனேன், டக்குனு நின்னுடுச்சு. திரும்பக் குத்துனா திரும்ப வருது. சார்ஜர் மூணு முள், ஸ்பீக்கரும் மூணு முள், ரெண்டும் சுவர்ல எர்த்துல சேருது, இங்க யுஎஸ்பி வயரும் ஆர்சிஏ வயரும் சேந்து வட்டத்த முடிச்சு விட்டுடுது, இதுக்குப் பேரு தான் கிரவுண்ட் லூப். டாக்கோட பழைய ஆப்டிகல் வாசல ஒரு நாளும் தொட்டதில்ல, அதுக்கு ஒரு ஆப்டிகல் கேபிள மாட்டுனேன், அன்னைக்கு போனது தான் அந்தக் கீச்சு. ஆப்டிகல்ல போறது வெளிச்சம், கரண்ட் தாண்டி வர வழியே இல்ல.

நீங்க செய்ய வேண்டியது இவ்ளோதான். வால்யூம முதல்ல இறக்கிடுங்க, பாட்ட நிறுத்துங்க, அப்புறம் மெல்ல மெல்ல ஏத்தி அடியில என்ன ஓடுதுன்னு கேளுங்க. ஊம்ம்னு ஒரே சீரா தடிமனா இருந்தா அது கரண்ட் ஹம், சப்ளை 50 ஹெர்ட்ஸா 60ஆங்கறத பொறுத்து அதுவும் அதோட மடங்குமா கேக்கும். கீச்சுன்னு மாறி மாறி வந்தா அது கம்ப்யூட்டர் இரைச்சல். ஸ்ஸ்ஸ்னு மழை மாதிரி மட்டும் இருந்தா அது ஆம்ப்போட சொந்த இரைச்சல், அதுக்கு டாக்க குத்தம் சொல்லாதீங்க. இப்ப லேப்டாப் சார்ஜர உருவிப் பாருங்க, நின்னா காரணம் கெடைச்சாச்சு. நிக்கலன்னா ஆம்ப்ப அணைச்சுட்டு டாக்லருந்து வர்ற ஆர்சிஏவ கழட்டுங்க, திரும்ப ஆன் பண்ணுங்க, அப்பவும் ஹம் இருந்தா அது ஆம்ப்லயே இருக்கு. டிவியோ செட்டாப் பாக்ஸோ சேந்திருந்தா ஆண்டெனா கேபிள உருவிப் பாருங்க, பல வீட்ல குத்தவாளி அதுதான்.

சரி பண்ண வழி, எல்லாத்தையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்ல குத்துறது, அதுல போகலன்னா ஆப்டிகல், ஆப்டிகல் இல்லன்னா கிரவுண்ட பிரிச்சு விடுற யுஎஸ்பி ஐசோலேட்டர் (வாங்குறப்ப ஹை ஸ்பீடு தாங்குமான்னு பாத்து வாங்குங்க, 12 மெகாபிட் வகை 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல தாங்காது), இல்லன்னா ரெண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர்ங்கிற மூணு முள் வாசல் இருந்தா இரைச்சல தள்ளி விடுற பேலன்ஸ்டு கனெக்‌ஷன். ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன், ஹம் போகணும்னு எர்த் முள்ள ஒடிக்கிறது, டேப் சுத்துறது எல்லாம் பண்ணவே பண்ணாதீங்க, பெட்டிக்குள்ள ஏதாவது வயர் அறுந்து உடம்புல பட்டா உயிரக் காப்பாத்துறது அந்த ஒரு முள் தான்.

செட்டிங்ஸ்ல ஒளிஞ்சிருக்குற தப்பு

டாக் நல்லது, கேபிள் நல்லது, ஆனா ஓஎஸ் நடுவுல கை வச்சிருக்கும். விண்டோஸ்ல எல்லா ஆப்போட சவுண்டும் ஒரு மிக்சருக்குள்ள போய், நீங்க சவுண்ட் ப்ராப்பர்ட்டீஸ்ல வச்சிருக்குற ஒரே சாம்பிள் ரேட்டுக்கு மாத்தப்பட்டுதான் வெளிய வரும். அங்க போய் பாருங்க, சில நேரம் எப்பவோ வேற வேலைக்காக வச்ச ஏதோ ஒரு ரேட் அப்படியே உக்காந்திருக்கும். சிடி ரிப் (சிடிலருந்து எடுத்த ஃபைல்) அதிகம் கேப்பீங்கன்னா 24 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ், வீடியோ அதிகம்னா 24 பிட் 48 வைங்க. ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்னு இருக்குறத எல்லாம் ஆஃப் பண்ணுங்க, இது ரொம்ப முக்கியம், லவுட்னஸ், விர்ச்சுவல் சரவுண்டு இதெல்லாம் சவுண்ட நிஜமாவே மாத்தும், எந்த டாக்க விடவும் பல மடங்கு அதிகமா மாத்தும். மேக்ல ஆடியோ மிடி செட்டப்ல போய் ரேட்ட பாருங்க. ஆண்ட்ராய்டுல பெரும்பாலும் எல்லாம் 48க்கு மாத்தப்படும், அது ஒண்ணும் பயப்பட வேண்டிய விஷயம் இல்ல, ஆனா ஓஎஸ் எண்ண தொடவே கூடாதுன்னு நெனச்சா யுஎஸ்பி டாக்கோட நேரா பேசுற பிளேயர் ஆப் இருக்கு. விண்டோஸ்ல அதே வேலைக்கு வசாபி எக்ஸ்க்ளூசிவ் மோட், அதாவது பிளேயர் ஆப் மிக்சர தாண்டி நேரா டாக்கோட பேசுற முறை.

புளூடூத்ல ஒரு விஷயம். மைக் ஆன் ஆச்சுன்னா, அதாவது மீட்டிங் ஆப் பின்னாடி ஓடிட்டு இருந்தா, பெரும்பாலான ஹெட்ஃபோன் பேச்சு மோடுக்கு மாறி மோனோவா பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிடும். அந்த நேரத்துல பாட்டு கேட்டுட்டு ஹெட்ஃபோன் கெட்டுப் போச்சுன்னு நெனக்கிறவங்க உண்டு. மைக் டிவைஸ வேற ஒண்ணுக்கு மாத்துனா போதும்.

டிவிலருந்து ஆப்டிகல்ல டாக்குக்கு குடுத்து சவுண்டே வரல, இல்ல ஷ்ஷ்ஷ்னு பயங்கரமா இரைச்சல் மட்டும் வருதுன்னா, டிவி டால்பி டிஜிட்டலா (சரவுண்டுக்குன்னு சுருக்கி வச்ச வடிவம்) அனுப்பிட்டு இருக்கு, உங்க ஸ்டீரியோ டாக்குக்கு அது புரியாது. டிவி ஆடியோ அவுட்புட்ட பிசிஎம்னு (சுருக்காத சாதாரண எண்கள்) மாத்துங்க, முடிஞ்சுது.

எண் நிஜமாவே மாறாம போகுதான்னு சோதிக்க ஒரு அழகான வழி இருக்கு, வீட்ல டிடிஎஸ் (டால்பி மாதிரி இன்னொரு சரவுண்டு வடிவம்) தெரிஞ்ச ஏவி ரிசீவர், அதாவது ஹோம் தியேட்டர் ஆம்ப் இருந்தா. டிடிஎஸ் மியூசிக் டிஸ்க்லருந்து எடுத்த வேவ் ஃபைல வால்யூம் கொறைச்சு வச்சுக்கிட்டு சாதாரண பாட்டு மாதிரி ஆப்டிகல்லயோ கோஆக்சியல்லயோ பிளே பண்ணுங்க. வழில ஒரு எண்ணும் மாறலன்னா ரிசீவர்ல டிடிஎஸ்னு வெளிச்சம் எரியும், பாட்டு வரும். இப்ப கம்ப்யூட்டர் வால்யூம 100லருந்து 99க்கு இறக்குங்க, உடனே வெளிச்சம் போய் வெறும் இரைச்சலாயிடும். எண்ண யாராவது தொட்டா எப்படிக் காட்டிக் குடுக்குதுன்னு கண்ணால பாப்பீங்க. அதே கையோட கேபிள மாத்திப் பாருங்க, மட்டமானது, ஒசந்தது, எதுல வேணா, வெளிச்சம் அசையாது. இன்னொரு வழி, டிஜிட்டல் இன்புட் இருக்குற ஆடியோ இன்டர்ஃபேஸ் கெடைச்சா அதோட கடிகாரத்த வெளி சிக்னலுக்கு மாத்திட்டு, ஒரு ஃபைல எக்ஸ்க்ளூசிவ் மோட்ல பிளே பண்ணி அப்படியே ரெக்கார்ட் பண்ணுங்க, ஆடாசிட்டிங்கிற ஆடியோ எடிட்டர்ல ஒரிஜினலோட சாம்பிள் சாம்பிளா ஒத்து வச்சு ஒண்ண மட்டும் இன்வெர்ட் பண்ணி ரெண்டையும் சேருங்க. எல்லாம் அழிஞ்சு நேர்கோடா வந்தா கேபிள் ஒண்ணும் செய்யலன்னு அர்த்தம்.

ரெண்டு டாக்க நியாயமா ஒப்பிடுறது

பக்கத்துல இருக்குறவர் புது டாக் கொண்டு வந்து மாட்டி, கேளு எவ்ளோ தெளிவா இருக்குன்னு சொன்னா நம்ம காதுக்கும் தெளிவாதான் கேக்கும். இதுல யாரும் பொய் சொல்லல. கொஞ்சம் சத்தம் கூடுனா நம்ம மூளை அத சத்தமா எடுத்துக்காது, தெளிவுன்னு எடுத்துக்கும், அரை டெசிபல் போதும் அதுக்கு. ரெண்டு டாக்கோட அவுட்புட் அப்படியே ஒண்ணா இருக்கவே இருக்காது, ஒண்ணு 2 வோல்ட் குடுக்கும் இன்னொண்ணு 2.2 குடுக்கும், அதுலயே முக்கா டெசிபலுக்கு மேல வித்தியாசம் வந்துடுச்சு.

அதனால லெவல் மேட்சிங் பண்ணாம ஒப்பிட்டா அது ஒப்பீடே இல்ல. ஒரு மல்டிமீட்டர் எடுங்க, ஏசி வோல்ட்டுல வைங்க, 100 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒண்ண ஓட விடுங்க (சாதாரண மீட்டர் ஹை ஃப்ரீக்வென்சில தப்பா காட்டும், அதனாலதான் 100), டாக் அவுட்புட்ட அளங்க. ரெண்டாவது டாக்கையும் அளந்து, அதிகம் குடுக்குறத வால்யூம்ல இறக்கி ரெண்டும் நூத்துக்கு ஒரு பங்கு வித்தியாசத்துக்குள்ள வர்ற வரைக்கும் சரி பண்ணுங்க, அதாவது ஒண்ணு 1.00 வோல்ட்னா இன்னொண்ணு 0.99லருந்து 1.01க்குள்ள. அது ஏறக்குறைய 0.1 டெசிபல். ரெண்டையும் ஒரே ஆம்ப்புக்கு ஒரு சுவிட்ச் பெட்டி வழியா குடுங்க, நடுவுல கேபிள் கழட்டி மாட்டுனா அந்த அர நிமிஷத்துல காது மறந்துடும். கூட ஒரு ஆள உக்கார வச்சு அவர காசு சுண்டச் சொல்லுங்க, தலை விழுந்தா முதல் டாக், பூ விழுந்தா ரெண்டாவது, அவர் எழுதி வச்சுக்கட்டும், நீங்க சுவிட்ச பாக்காம, அவர் முகத்தையும் பாக்காம எதுன்னு சொல்லுங்க. 16 தடவ. 12 தடவயாவது சரியா வந்தா உங்களுக்கு நிஜமாவே கேக்குதுன்னு எடுத்துக்கலாம், கண்ண மூடி அடிச்சு விட்டா 12 வர்றதுக்கு நூத்துக்கு நாலு தடவதான் வாய்ப்பு.

நான் என் தம்பிய உக்கார வச்சு செஞ்சேன், வயர் முனைல தொங்குற சின்ன டாங்கிள் டாக் ஒண்ணு, அதவிட பல மடங்கு பெரிய மேஜை டாக் ஒண்ணு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு சந்தேகமே இல்ல, பெருசுல தபேலா அடி இன்னும் உருண்டையா கேக்குதுன்னு அடிச்சு சொன்னேன். லெவல் சரி பண்ண பிறகு 16ல 9. அடுத்த நாள் காது தெளிவா இருக்கும்போது திரும்பவும் செஞ்சேன், 7. அந்த உருண்டை சத்தம் மீட்டர் வச்ச நிமிஷமே காணாம போயிடுச்சு.

பெரிய அளவுலயும் இத செஞ்சு பாத்திருக்காங்க. மேயர், மோரன்னு ரெண்டு பேரு 2007ல வெளியிட்ட சோதனைல, ஹை ரெசல்யூஷன் (சிடிய விட ஒசந்த தரம்னு வர்ற) டிஸ்க் ஓடுற வழில நடுவுல சிடி தரத்துக்கு இறக்குற ஒரு பெட்டிய வச்சு, இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க, 554 தடவைல 276 சரி, அதாவது பாதிக்கு பாதி. 2016ல ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வ ஒண்ணா சேத்துப் பாத்தப்ப மொத்தம் 52.3 சதவீதம் சரியா வந்துச்சு, பயிற்சி குடுத்தவங்களுக்கு 60 சதவீதம் கிட்ட. அதனால ஹை ரெசல்யூஷன்ல வித்தியாசம் துளியும் இல்லன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா இருந்தாலும் எவ்ளோ சின்னதுன்னு இந்த எண் சொல்லுது.

டாக் மாத்துனா நிஜமா மாறுற இடங்கள்

ஹெட்ஃபோன நேரா டாக்லயே குத்துறவங்களுக்கு அவுட்புட் இம்பீடன்ஸ் (டாக்கோட வாசல்ல இருக்குற மின்தடை) ரொம்ப முக்கியம், ஸ்பெக்ல முதல்ல இதத்தான் தேடணும். சில இன்-இயர் ஹெட்ஃபோன்ல அதோட சொந்த இம்பீடன்ஸ் ஒரு ஃப்ரீக்வென்சில 8 ஓம், இன்னொண்ணுல 32 ஓம்னு மாறிட்டே இருக்கும். அத 10 ஓம் அவுட்புட்ல குத்துனா அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல சத்தம் ஏறக்குறைய 4.7 டெசிபல் விலகிடும், அது ஈக்வலைசர திருகுன மாதிரி, எல்லாருக்கும் கேக்கும். அதே இன்-இயர 1 ஓம் அவுட்புட்ல குத்துனா விலகல் 0.75 டெசிபல் தான். ஹெட்ஃபோன் இம்பீடன்ஸ்ல எட்டுல ஒரு பங்குக்கு கீழ அவுட்புட் இருக்கணும்னு ஒரு கணக்கு வச்சுக்கோங்க. அதே மாதிரி 300 ஓம் ஹெட்ஃபோன 1 வோல்ட் குடுக்குற டாங்கிள்ல குத்துனா போறது வெறும் 3.3 மில்லிவாட், சத்தம் பத்தாம சப்புன்னு கேக்கலாம், அது டாக் குறை இல்ல, ஆம்ப் பத்தல.

அப்புறம் வேணும்னே சவுண்ட மாத்துற டாக்கும் உண்டு. ஓவர்சாம்பிளிங் (நடுவுல கூடுதல் எண்கள கணக்கு போட்டு சேக்குறது) இல்லாத வகை, ஃபில்டர் இல்லாம விட்டா 20 கிலோஹெர்ட்ஸ்ல ஏறக்குறைய 3 டெசிபல் இறங்கும், வால்வு வச்ச டாக் கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேக்கும். பிடிச்சா தாராளமா வாங்குங்க, அது ருசி. ஆனா சிப் பேர பாத்து மட்டும் வாங்காதீங்க. 2020 அக்டோபர்ல ஜப்பான்ல டாக் சிப் செய்யுற ஏகேஎம் கம்பெனியோட ஃபேக்டரி தீப்பிடிச்சு எரிஞ்சு சிப்பே கெடைக்காம போனப்ப நிறைய கம்பெனி வேற சிப்புக்கு மாத்தி டிசைன் பண்ணி வித்தாங்க, ஒழுங்கா செஞ்சவங்களோட அளவீடு ரெண்டு சிப்புலயும் நல்லாதான் இருந்துச்சு. பெட்டிக்குள்ள பவர் சப்ளை, அவுட்புட் ஸ்டேஜ், போர்ட் டிசைன் இதெல்லாம் எப்படி இருக்குங்கறதுதான் சிப் பேர விட அதிகமா பேசும்.

எந்தக் கனெக்‌ஷன எடுக்கறதுன்னு கேட்டா, கம்ப்யூட்டர்னா யுஎஸ்பில ஆரம்பிங்க, எல்லா ரேட்டும் ஓடும், கரண்டும் அதுலயே வந்துடும். கீச்சோ ஹம்மோ வந்தா ஆப்டிகலுக்கு மாறுங்க. டிவி ஸ்டீரியோவுக்கு ஆப்டிகல், சரவுண்டு வேணும்னா எச்டிஎம்ஐல இஆர்க் (டிவி சவுண்ட திருப்பி அனுப்புற வாசல்). போன்னா யுஎஸ்பி டாங்கிள் போதும், ஆனா ஆண்ட்ராய்டுல சில டாங்கிளுக்கு வால்யூம் பாதில நின்னுடும், அந்த மாதிரி இருந்தா டாங்கிளோட சொந்த வால்யூம தனியா ஏத்துற பிளேயர் ஆப்ப போட்டுப் பாத்துட்டு அப்புறம் திருப்பி அனுப்புறத பத்தி யோசிங்க.